மூலங்களின் தன்மை

அந்த விடைத்தாளில் நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஃபீபா டீச்சருக்கு அது பொறுக்கவில்லை.

நாமக்கல்லில் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்தும் முகாம். ஏப்ரல் வெயில். காலையில் பதினைந்து தாள், மதியம் பதினைந்து தாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி வகுப்பில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, முகம் தெரியாத பிள்ளைகளின் கையெழுத்தைப் பத்து நாளாகப் படித்துக்கொண்டிருந்தோம். இந்தப் பத்து நாளில் எனக்கு ஒரு திறமை வந்திருந்தது. எப்பேர்ப்பட்ட கோழிக் கிறுக்கலையும் படித்துவிடுவேன். ஒருவன் போட்டிருப்பது ஒன்றா ஏழா என்று சந்தேகம் வந்தால், அதே தாளில் அவன் வேறெங்கே ஏழு போட்டிருக்கிறான் என்று தேடிப் பிடித்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வேன்.

இரண்டு மதிப்பெண் கேள்வி அது. 2x² − 5x + 4 = 0 என்ற சமன்பாட்டின் மூலங்களின் தன்மையைக் கூறுக. சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை. மூலம் என்ன என்று கண்டுபிடிக்கவும் வேண்டாம். b² − 4ac என்று ஒரு சின்னக் கணக்கு, அதற்குப் பெயர் தன்மைக்காட்டி. அது பூச்சியத்துக்கு மேலே வந்தால் இரண்டு வெவ்வேறு மெய் மூலங்கள். பூச்சியமே வந்தால் இரண்டும் ஒன்று. கீழே போய்விட்டால் மெய் மூலங்கள் இல்லை. அவ்வளவுதான் பாடம்.

இந்தப் பிள்ளை a = 2, b = 5, c = 4 என்று எழுதியிருந்தது. ஐந்துக்கு முன்னால் இருக்க வேண்டிய கழித்தல் குறியைக் காணோம். அப்புறம் 25 − 32 = −7, மெய் மூலங்கள் இல்லை என்று முடித்திருந்தது. விடை சரி.

"விடை சரியா இருக்குல்ல டீச்சர், ஏன் குறைக்கிறீங்க?" என்றார் அஃபீபா. சேலத்துக்காரர். யாருக்காவது அரை மதிப்பெண் கொடுக்க வழி இருக்கிறதா என்று தேடும் ரகம்.

"b கழித்தல் அஞ்சு. இது அஞ்சுன்னு எழுதியிருக்கு. தப்பு."

"வர்க்கம் எடுத்தா எல்லாம் ஒன்னுதானே? கழித்தல் அஞ்சா இருந்தா என்ன, கூட்டல் அஞ்சா இருந்தா என்ன, இருபத்தஞ்சுதான் வரப்போகுது. தன்மை மாறவே மாறாது."

"மாறலைங்கிறது அதோட அதிர்ஷ்டம். தப்புத் தப்புதான்."

"உங்ககிட்ட மாட்டின பிள்ளை பாவம்" என்று சொல்லிவிட்டு அவர் தன் தாளுக்குப் போனார். நான் ஒன்று என்று போட்டு வட்டமிட்டேன். என்னைப் பிடிவாதக்காரி என்று என் பள்ளிக்கூடத்திலேயே சொல்வார்கள். நாற்பத்து மூன்று வயதுவரை தனியாக இருக்கிறவளுக்குப் பிடிவாதம்கூட இல்லாவிட்டால் வீட்டில் பேச்சுத்துணைக்கு வேறு என்னதான் இருக்கிறது?

இந்த மூலம் என்கிற வார்த்தையோடு எனக்குப் பழைய பகை. ஒவ்வொரு வருஷமும் இந்தப் பாடத்தை ஆரம்பிக்கும்போது வகுப்பு சிரிக்கும். பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் மூலம், பௌத்திரம் என்று போஸ்டர் ஒட்டிவைத்திருந்தால் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்து முடிக்கட்டும் என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அந்தச் சிரிப்பு பரவாயில்லை. ஆசிரியர் அறையில் இந்தப் பாடத்தின் பெயரைச் சொன்னதும் இரண்டு பேர் சட்டென்று என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொள்வார்களே, அதுதான் ஆகாது.

என் நட்சத்திரம் மூலம். மூலத்தில் பிறந்த பெண் போகிற வீட்டில் மாமனார் தங்கமாட்டார் என்று ஒரு நம்பிக்கை. யார் கண்டுபிடித்தார்களோ, அவருக்கு எந்த மருமகள்மேல் என்ன கோபமோ. எனக்கு இருபத்து மூன்று வயதில் அம்மா மாப்பிள்ளை தேட ஆரம்பித்தாள். தேடியது மாப்பிள்ளையை அல்ல, மாமனார் இல்லாத வீட்டை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அம்மாவின் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். அங்கே ஒரு பெரியவர் போட்டோவில் மாலையோடு இருந்தால் அவள் முகம் மலரும். அடுத்தவர் வீட்டுச் சாவைப் பார்த்துச் சந்தோஷப்பட வைத்ததே இந்த நட்சத்திரம் என்று நான் கத்தியிருக்கிறேன். ஓர் இடத்தில் எல்லாம் பேசி முடிந்த பிறகு, அப்பா ஸ்தானத்தில் இருந்து வளர்த்த பெரியப்பா மாமனார் கணக்கில் சேருவாரா மாட்டாரா என்று சந்தேகம் வந்து, அந்தப் பெரியப்பாவே வந்து கும்பிட்டு, "வேண்டாஞ் சாமி, நான் இன்னங்கொஞ்ச நாள் இருந்துக்கறேன்" என்றார். சிரிப்புத்தான் வந்தது. அன்று இரவு சாப்பிடவில்லை.

அப்பா போனார். பத்து வருஷம் கழித்து அம்மாவும் போனாள். அம்மா போன இந்த இரண்டு வருஷத்தில் வீட்டுக்குள் என் குரலை நானே கேட்பது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமைகளில், எதிர்வீட்டு அயர்ன் வண்டிக்காரரிடம் துணி கொடுக்கும்போதுதான் அன்றைய முதல் வார்த்தையே வாயிலிருந்து வரும். சில நாள் தொண்டை அடைத்துக்கொண்டிருக்கும். கனைத்துவிட்டுப் பேசுவேன். எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நிலையில்தான் தரகர் அங்கம்மாள் பூபதியைப் பற்றிச் சொன்னாள். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், கொஞ்சம் வாழை. நாற்பத்தாறு வயது. கல்யாணமே ஆகவில்லை. தோட்டத்தை நம்பி இருக்கிற பையனுக்கு இப்போது யார் பெண் கொடுக்கிறார்கள்? போன மாதம் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேக்கரியில் இரண்டு பேரும் பார்த்துப் பேசினோம். வெள்ளைச் சட்டை, நகக்கண்ணில் கறை. கையில் ஒரு கட்டு வெற்றிலை கொண்டுவந்திருந்தார். நூறு வெற்றிலையை வைத்துக்கொண்டு நான் ஒருத்தி என்ன செய்வேன் என்று கேட்கலாமென்று நினைத்தேன். கேட்கவில்லை, வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க டீச்சர், நான் நேராவே சொல்லிப்போடறேன்" என்றார். "எனக்கு இந்தச் சாதகம், நட்சத்திரம் இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லீங்க. ஆனா எங்க அய்யனுக்கு எம்பத்திரண்டு. அவரு ரொம்பப் பயப்படறாருங்க. அம்மா போனதுல இருந்து நானும் அவரும்தான் ஊட்ல. நாளைக்கு அவருக்கு வயசாகி ஏதோ ஒன்னு ஆச்சுன்னாலும் ஊர்ல உங்களத்தான் சொல்லுவாங்க."

"எனக்கும் நம்பிக்கை இல்லீங்க. நான் கணக்கு டீச்சர்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒன்னுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றி என் பக்கம் நகர்த்தினார். எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தவர் யாரென்று அன்று வீட்டுக்கு வந்த பிறகு வெகுநேரம் யோசித்தேன்.

முகாமின் கடைசி நாள், சனிக்கிழமை, அவரே போன் செய்தார். அவர் அப்பா, அந்த அய்யன், ஒரு ஜோசியரைப் பிடித்திருக்கிறாராம். பரிகாரம் ஏதாவது இருந்தால் ஒத்துக்கொள்கிறேன் என்கிறாராம். அதற்கு என் ஜாதக நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். "இதுல சரியாயிருச்சுன்னா வைகாசியிலயே வெச்சுக்கலாமுங்க" என்றார். சரி என்றேன். இது தவறினால் இனி ஒன்று வராது என்று எனக்கும் தெரியும், அங்கம்மாளுக்கும் தெரியும்.

ஞாயிறு காலை அந்த நோட்டை எடுத்தேன். மஞ்சள் தடவிய நீள நோட்டு. எடப்பாடியில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா எழுதி வாங்கியது. நான் அதை விரித்துப் பார்த்ததே இல்லை, அவ்வளவு வெறுப்பு. ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டே வந்து கடைசி அட்டையைத் திருப்பினால், அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நான் பிறந்த சின்ன ஆஸ்பத்திரியில் நர்சம்மா எழுதிக் கொடுத்தது. அந்த ஆஸ்பத்திரி இன்று இல்லை. அம்மாவுக்கு என்னைப் பெற்றபோது ஜன்னி கண்டு இரண்டு நாள் நினைவே இல்லை. அப்பா சேலத்துக்குச் சேலைக்கட்டோடு போனவர், மூன்றாம் நாள்தான் வந்தார். நான் பிறந்த நேரத்துக்கு அந்தச் சீட்டு ஒன்றுதான் சாட்சி.

'பெண். 2 கிலோ 700. கா 6-10. நலம்.'

கா என்றால் காலை. போட்டோ எடுத்துவிட்டு மூடப்போனேன். மூடவில்லை. மஞ்சள் கறை அந்த எழுத்தின் பாதியை மறைத்திருந்தது. பத்து நாள் பழக்கம், கண் தானாகவே அதே சீட்டில் இன்னொரு எழுத்தைத் தேடியது. கிலோவில் நர்சம்மா போட்ட 'க' எப்படி இருக்கிறது? நடுவில் நேராக ஒரு கோடு இறங்கியிருந்தது. மணிக்கு முன்னால் இருந்த எழுத்தில் அந்தக் கோடு இல்லை. நலத்தில் போட்ட 'ம' எப்படி இருக்கிறது? இதேதான். அச்சு அசலாக இதேதான். அது கா அல்ல, மா. காலை அல்ல, மாலை.

போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மா. அப்பா மஞ்சள் கையோடு தொட்டிருப்பார், அவசரத்தில் கா என்று படித்திருப்பார். நட்சத்திரம் நாளுக்கு நாள் மாறுவது. காலையில் இருந்தது மாலையில் இருக்க வேண்டுமென்று என்ன கட்டாயம்? நான் மூலமே இல்லை. இருபது வருஷம் எவரெவர் வீட்டுச் சுவரிலோ மாலை போட்ட போட்டோவைத் தேடியதெல்லாம் ஓர் எழுத்துக்காக. அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷம் வந்தது. பெட்டியில் இருந்த பட்டுப்புடவைகளில் எதற்கெல்லாம் ரவிக்கை சரியாக இருக்கும் என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் யோசித்தேன்.

முகம் கழுவிக்கொண்டு, மெயின் ரோட்டில் இருக்கிற சின்னராஜின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அவரே கம்ப்யூட்டர் ஜாதகமும் போடுவார். ஆதார் கார்டு எடுக்க வந்த நான்கு பேரை முடித்து அனுப்பும்வரை ஸ்டூலில் காத்திருந்தேன். பிறந்த தேதி, ஊர், மாலை 6.10 என்று தட்டினார்.

"மூலம் மத்தியானம் ரெண்டு இருபதோட முடியுதுங்க டீச்சர்" என்றார்.

"அப்ப நான் மூலம் இல்லீங்களே?"

"இல்லவே இல்லீங்க. பூராடம், முதல் பாதம்."

பிரிண்ட் எடுத்து நீட்டியவர், நான் வாங்கும்போது கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைச்சுக்காதீங்க. யாருக்குப் பார்க்கறீங்க, உங்களுக்குங்களா? பூராடத்துப் பொண்ணுன்னா... தாலி நிலைக்காதும்பாங்க. மாமனாருக்கு ஒன்னுமில்லீங்க. புருஷனுக்குத்தான்னு சொல்லுவாங்க. நான் சொல்லலீங்க, சொல்லுவாங்க."

தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். வெயிலில் நடந்து வரும்போது அஃபீபா டீச்சர் சொன்னதுதான் மண்டைக்குள் ஓடியது. கழித்தல் ஐந்தானால் என்ன, கூட்டல் ஐந்தானால் என்ன, வர்க்கம் எடுத்தால் எல்லாம் ஒன்று. கா ஆனால் என்ன, மா ஆனால் என்ன? நட்சத்திரங்கள் இருபத்தேழில் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் யாராயிருந்தாலும், என்னைப்போல இரக்கமில்லாமல் தாள் திருத்துகிறவராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, என்ன செய்யலாமென்று நாற்காலியில் உட்கார்ந்தேன். வழி ஒன்று இருந்தது. மூலம் இல்லை என்று மட்டும் சொல்லலாம். அது பொய்யில்லை. பெரியவருக்குத் தன் உயிர்மேல்தானே பயம்? அது தீர்ந்தால் அவர் வேறு எதையும் கிளறமாட்டார். எனக்கும் நம்பிக்கை இல்லை, பூபதிக்கும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு நட்சத்திரத்துக்கு என்ன வேலை? வைகாசியில் கல்யாணம். காலையில் எழுந்ததும் பேச ஓர் ஆள். அதை நினைக்கும்போதே தொண்டைக்குள் ஏதோ இளகியது.

பூபதிக்குப் போன் செய்தேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அய்யன்கிட்டச் சொல்லுங்க, எனக்கு மூலம் இல்லீங்க" என்று ஆரம்பித்து, சீட்டைப் பற்றியும், கா மா ஆனதைப் பற்றியும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஒரு எழுத்துக்கு இத்தனை வருசமுங்களா? நல்ல கூத்துங்க போங்க. இருங்க, அய்யன் வாய்க்கால்கிட்டத்தான் நிக்கறாரு. இப்பவே போய்ச் சொல்லிப்போட்டு வாரேன்."

அவர் நடக்கும் சத்தம் கேட்டது. நான் அதோடு போனை வைத்திருக்கலாம்.

"ஒரு நிமிஷமுங்க" என்றேன். "மூலம் இல்லீங்க. பூராடம்."

நடை நின்றது.

"அது... அய்யனுக்கு இல்லீங்க. எனக்குங்களா?"

"ஆமாங்க. உங்களுக்குத்தான்னு சொல்றாங்க."

நின்ற நடை மறுபடி தொடங்கவில்லை. எனக்குள் எப்போதும் இருக்கிற அந்தக் கோபக்காரி தலைதூக்கினாள். "நீங்கதான் நம்பிக்கை இல்லைன்னீங்களே?" என்று கேட்டேன்.

"நம்பிக்கை இல்லீங்க டீச்சர்" என்றார் மெதுவாக. "பயந்தான் வருதுங்க. அய்யனுக்குன்னா அவரு பயம்னு பேசாம இருந்தேன். எனக்குன்னதும் அப்படி இருக்க முடியலீங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது?"

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் என்னிடம் யாரும் பேசியதில்லை.

"ஏனுங்க சொன்னீங்க?" என்று அவரே கேட்டார். "மூலம் இல்லைங்கறதோட உட்டிருக்கலாமுல்ல. எனக்குத் தெரியவா போகுது?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. நான் டீச்சர், எனக்கு மறைத்துப் பழக்கமில்லை, தப்புத் தப்புதான் என்று சொல்லவேண்டியது. வாயிலிருந்து வந்தது அது இல்லை.

"சொல்லாம அங்க வந்திருந்தா, நீங்க ஒவ்வொரு தடவை வண்டியெடுத்துட்டு வெளிய போறப்பவும் நான் ஊட்ல உக்காந்து பயந்துட்டே இருக்கணும்ங்க. கொடிக்கால்ல பாம்பு கிடக்கும்பாங்க. உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நான்தான்னு தோணும்ங்க. என்னால முடியாதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. இருபது வருஷமாக ஜோசியரையும் மாமனார்களையும் திட்டித் தீர்த்தவள். சீட்டில் மா என்று தெரிந்ததும் துள்ளிக் குதித்தவளும் நான்தானே? நம்பாதவள் எதற்காகச் சின்னராஜ் கடைக்கு ஓடினாள்? எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுமுனையில் அவர் இன்னும் இருந்தார். மூச்சு கேட்டது. மோட்டாரை யாரோ நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு அவர் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது.

"அப்புடின்னா ரெண்டு பேருமா பயந்துக்கலாமுங்க டீச்சர்" என்றார். "தனித்தனியா பயந்துட்டுக் கிடக்கறதுக்கு அது தேவலீங்க."

நான் உடனே பதில் சொன்னேன். யோசித்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. "வேண்டாங்க. விட்டுருங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அங்கம்மாள் கூப்பிட்டாள். பூராடமாம், பேச்சு நின்றுவிட்டதாம் என்று மட்டும் பூபதியின் அய்யன் அவளிடம் சொல்லியிருந்தார். "என்ன சாமி, பூராடம்னு தெரிஞ்சதும் அவங்க வேண்டாம்னுட்டாங்களா?" என்று வருத்தத்தோடு கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இத்தனை வருஷமும் அதைத்தான் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தது.

"இல்லீங்க" என்றேன். "அவரு சரின்னாரு. வேண்டாம்னது நான்."